காட்டுக் கடையில் தோன்றிய நகரம்

ஐக்கிய அமெரிக்காவில், மிச்சிகன் ஏரிக்கரையில், மில்வோக்கி என்னும் பெருநகர் விளங்குகின்றது. அதன் பிறப்பை நாம் ஆராயப் புகின், காட்டினிடையே நின்ற ஒரு மரக்குடிலையே காண்போம். அக்குடிலில் வாணிபம் நடத்தியவர் சொலமன் ஜூனோ.

1793 ஆம் ஆண்டில், கனடாவிலே மொன்றியலுக்கு அணித்தான ரெப்பன்ரினி என்னும் ஊரில், பிரெஞ்சுக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். 1818 இல் மென்மயிர்த் தோல் வாங்கும் அமெரிக்கக் கம்பெனியொன்றின் முகவராக மில்வோக்கியை அடைந்தார். அக்காலத்து மென்மயிர் வாணிபத்திற்கு நம்பிக்கையே முதல். இலையுதிர் காலத்தில் கம்பளி, கத்தி, வெடிமருந்து முதலியவற்றை ஆதிக்குடிகள் கடனாகப் பெறுவர். பனிக்காலம் முழுவதும் வேட்டையாடி, வசந்தத்தில் தோல்களைக் கொணர்ந்து கடன் தீர்ப்பர். வாக்குத் தவறிய வணிகனை அவர்கள் மீண்டும் நாடார். ஜூனோவையோ பல்லாண்டு நாடி வந்தனர். 1820 இல் அவர் மணந்த ஜோசெற் அம்மையாரும் ஆதிக்குடி மரபில் வந்தவரே.

1833 இல் சிக்காகோவிற் செய்யப்பட்ட உடன்படிக்கை அனைத்தையும் மாற்றியது. பொட்டவாட்டொமி முதலிய மக்கள் அந்நிலத்தைக் கையளித்தனர். பின்னர் அவர்களுட் பலர் மேற்கே அனுப்பப்பட்டனர். தோல் விற்ற இடத்தில் ஜூனோ காணிகளைப் பிரித்து விற்கலானார். நகரின் முதல் தபாலதிபரானார். 1837 இல் பத்திரிகையொன்றையும் தொடக்கினார். ஆற்றின் கீழ்க்கரை அவருடையது. மேற்கரை பைரன் கில்போர்ண் என்பாருடையது. இரு கரையாருக்குமிடையிலிருந்த போட்டி முற்றி, 1845 இல் பாலங்களை உடைக்கும் கலகமாக மூண்டது. மறு ஆண்டு இரு கரைகளும் இணைந்து ஒரே மாநகராயின. அதன் முதல் நகரபிதாவாக ஜூனோ தெரிவு செய்யப்பட்டார்.

இத்துணைச் சிறப்பும் எய்திய அவர் அந்நகரிலேயே தம் முதுமையைக் கழித்தாரல்லர். தம் அன்னையின் பெயரால் தாமே நிறுவிய தெரேசா என்னும் சிற்றூரிற் குடியேறி, அங்கும் வாணிபம் செய்தார். 1855 இல் மனைவியாரை இழந்தார். மறு ஆண்டு நவம்பரில், பழைய நண்பர்களான மெனோமினி மக்களை நாடிச் சென்றவிடத்து நோயுற்று, அவர்களிடையே உயிர் நீத்தார்.

ஜூனோவின் வாழ்வு நம்மைச் சிந்திக்க வைக்கின்றது. அவரை ஆளாக்கியது ஆதிக்குடிகள் வைத்த நம்பிக்கை. அவர் வளர்த்த நகரிலோ அம்மக்களுட் பலருக்கு இடமில்லாது போயிற்று. ஒரு நகரின் பெருமையைப் பேசும்போது, அதை எழுப்பியவரோடு, அதற்காக நிலம் இழந்தவரையும் நினைத்தல் நம் கடனன்றோ?