ஸ்ரூடிபேக்கர் மோட்டார் வண்டி: ஆக்கமும் உடைமையும்

அமெரிக்க மோட்டார் வண்டிகள் என்றதும் போர்ட், செவ்ரலே, பியூக் என்னும் பெயர்களே பலர்க்கும் நினைவில் எழும். ஸ்ரூடிபேக்கர் என்னும் பெயரை இன்றைய மாணவர் கேட்டிருத்தல் அரிது. குதிரை பூட்டும் வண்டிகளைச் செய்துவந்த பெரிய அமெரிக்கக் கம்பனிகளுள் மோட்டார்த் தொழிலுக்கு வெற்றியுடன் மாறி நெடுங்காலம் நிலைத்தது இஃதொன்றே எனலாம். 1963இல் அது தன் பிறந்த நகரத்துத் தொழிற்சாலையை மூடியது. 1966இல் மோட்டார்த் தொழிலையே கைவிட்டது. செய்தவன் கைவிட்ட பின்னர் அவ்வண்டியை வைத்திருப்போன் நிலை யாது, அதனைச் செய்த தொழிலாளியின் நிலை யாது என்னும் இரு வினாக்களுக்கும் இவ்வரலாறு விடை தருகின்றது. ஆதலின் அதனை ஈண்டுச் சிறிது விரித்துக் கூறுவாம்.

1852ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஹென்றி, கிளெம் என்னும் சகோதரர் இருவர் இன்டியானா மாநிலத்துச் சவுத் பென்ட் நகரில் 68 டொலர் முதலுடன் கொல்லன் பட்டறையொன்றைத் திறந்தனர். தந்தையாரும் அத்தொழிலினரே. தம்பியருள் ஒருவராகிய ஜோன், பொன் தேடிச் சென்றோர் கூட்டத்தோடு கலிபோர்ணியாவை அடைந்தார். ஆயின் அவர் பொன்னை அகழவில்லை. அகழ்வோர்க்கு ஒற்றைச் சில்லுத் தள்ளுவண்டி செய்து விற்றார். பொன் தேடியோருட் பலர் வெறுங்கையராய் மீள, அவர்க்குத் தள்ளுவண்டி விற்றவர் 8,000 டொலருடன் 1858இல் ஊர் திரும்பித் தமையன்மாரின் தொழிலில் அப்பணத்தை இட்டார். உள்நாட்டுப் போரில் வடபுலத்துப் படைக்கும், பின்னர் மேற்கு நோக்கிக் குடியேறச் சென்றோர்க்கும் இவர்கள் செய்த வண்டிகள் பயன்பட்டன. நூற்றாண்டு முடியுமுன் உலகின் மிகப் பெரிய வண்டித் தொழிற்சாலைகளுள் ஒன்றாக அப்பட்டறை வளர்ந்துவிட்டது.

1902இல் அவர்கள் மின்சாரத்தால் ஓடும் மோட்டார் வண்டிகளைச் செய்யத் தொடங்கினர். முதல் வண்டிகளுள் ஒன்றை வாங்கியவர் தோமஸ் எடிசன். இன்று புதுமை எனப் போற்றப்படும் மின்வண்டி அன்றே தெருவில் ஓடியது என்பதைச் சிலர் வியப்புடன் நோக்கலாம். 1904இல் பெற்றோல் வண்டி வந்தது. பின்னர் ஈ.எம்.எப். என்னும் வேறொரு கம்பனியின் வண்டிகளை விற்கும் பொறுப்பையும் ஏற்றனர். அவ்வண்டிகள் அடிக்கடி பழுதுற்றன. பின் அச்சு முறிதல் பெருங்குறை. அம்மூன்று எழுத்துகளுக்கும் ‘காலைதோறும் பழுதுபார்’ என்று பொருள் கூறி மக்கள் நகைத்தனர். தள்ளுவண்டி செய்த ஜோன் அப்பொழுது முதியவர். கம்பனி தன் செலவில் பொறிவினைஞரை மனக்குறையுற்ற உரிமையாளர் வீடுதோறும் அனுப்பிப் பழுதான பாகங்களை மாற்றிக் கொடுத்தது. இதற்கான செலவு 10 இலட்சம் டொலர். விற்ற பொருளுக்குத் தாமே பொறுப்பு என்னும் பழைய கொல்லன் மனப்பான்மை இதில் விளங்குகின்றது. இந்நிகழ்ச்சியை வாசகர் நினைவில் வைத்திருத்தல் வேண்டும்.

1911இல் ஸ்ரூடிபேக்கர் கூட்டுத்தாபனம் அமைந்தது. 1920இல் குதிரை வண்டி செய்தல் நின்றது. 1915 முதல் தலைவராயிருந்த அல்பேட் எர்ஸ்கின் வளமான காலத்தில் திறமையுடன் நடத்தியவர். பெருமந்தம் வந்தபோது அது விரைவில் நீங்கிவிடும் என்று நம்பி, ஈட்டிய இலாபத்தைவிடப் பன்மடங்கான பங்கிலாபத்தைச் சேமிப்பிலிருந்து எடுத்து வழங்கினார். சேமிப்பு வற்றியது. 1933 மார்ச்சில் கம்பனி நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளர் கைக்குச் சென்றது. அவ்வாண்டு ஜூலையில் எர்ஸ்கின் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். கம்பனியை மீட்டவர்கள் போல் ஹொப்மன், ஹரோல்ட் வான்ஸ் என்னும் இருவர். இவருள் ஹொப்மனே பின்னர், 1948இல், ஐரோப்பிய மீட்சிக்கான மார்ஷல் திட்டத்தை நடத்தும் பொறுப்பை ஏற்றவர். 1939இல் இவர்கள் வெளியிட்ட ‘சாம்பியன்’ பளு குறைந்ததாய், எரிபொருளைச் சிக்கனமாய் உண்பதாய், 660 டொலர் தொடக்க விலையுடையதாய் வந்து கம்பனியை நிலைநிறுத்தியது. உலகப்போரின்போது ஏறக்குறைய 2 இலட்சம் பாரவண்டிகளைச் செய்தனர். அவற்றிற் பெரும்பகுதி சோவியத் நாட்டுக்குச் சென்றது. ‘கத்யூஷா’ என்னும் ஏவுகணைத் தொகுதியைச் சோவியத் படையினர் ஏற்றிச் சென்றது இவ்வண்டிகளின் முதுகிலேயாம்.

போரின் பின்னர் ஏனைய கம்பனிகள் பழைய உருவையே மீண்டும் விற்றுக்கொண்டிருக்க, ஸ்ரூடிபேக்கர் 1947ஆம் ஆண்டுக்கு முற்றிலும் புதிய உருவை வெளியிட்டது. அதில் ஒருவகை வண்டியின் பின்கண்ணாடி பக்கங்களையும் வளைந்து சூழ்ந்திருந்தமையால், அது வருகின்றதா போகின்றதா என்று கேட்பது அக்காலத்து நகைச்சுவையாயிற்று. 1950இல் விமான மூக்கைப் போன்ற முகப்புடன் வந்த வண்டி, ஒரே ஆண்டில் 3 இலட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. அதுவே உச்சம்.

இனி, இவ்வண்டியை வைத்திருத்தல் எத்தகைய அனுபவம் என்பதை நோக்குவாம். 1936 தொடக்கம் சில வண்டிகளில் அமைந்த மேடு தாங்கி என்னும் கருவியை உரிமையாளர் மறப்பதில்லை. மேட்டில் நிறுத்திய வண்டியை மீண்டும் நகர்த்துகையில், பிறேக்கிலிருந்து காலை எடுத்து அக்சலறேற்றரை மிதிக்குமுன் வண்டி பின்னோக்கி வழுகுவது ஓட்டப் பழகுவோர் யாவரும் அஞ்சும் இடர். கிளச்சு மிதியை அமிழ்த்தி வைத்திருக்கும்வரை பிறேக்குக் குழாயினுள் எண்ணெயின் அழுத்தத்தை விடாது பற்றி வைத்திருக்கும் சிறு அடைப்பு இதன் உட்பொருள். வண்டி முகம் உயர்ந்து நிற்கையில் ஒரு குண்டு தானே உருண்டு துளையை மூடும். கிளச்சு மேலெழும்போது துளை திறக்கும். மின்னணுக் கருவி எதுவுமின்றி, பூமியின் ஈர்ப்பையே வேலைக்காரனாக்கிய எளிமை இதன் சிறப்பு. இன்றைய வண்டிகள் இதே உதவியைக் கணினி கொண்டு செய்கின்றன.

மேல்வேகக் கியர் இன்னொன்று. குறித்த வேகத்தைக் கடந்தபின் அக்சலறேற்றரிலிருந்து காலை ஒரு கணம் தூக்கினால் அது தானே பற்றிக்கொள்ளும். எஞ்சின் குறைந்த சுற்றிற் சுழன்று எரிபொருளை மிச்சப்படுத்தும். ஆயின் இக்கருவியைப் பூட்டியிருக்கும்போது, வேகம் குறைந்த நிலையில் சில்லுகள் எஞ்சினின் பிடிப்பின்றிச் சுயேச்சையாக உருளும். இதனை அறியாது நீண்ட இறக்கத்தில் இறங்குவோன் எஞ்சின் தடுக்கும் என்று நம்பி ஏமாறுவான். ஆதலின் மலைப்பாதையில் முன்கூட்டியே அதனை நீக்கிவிடுதல் முறை. குறைகளுள் பெரிது துரு. பனிக்காலத்தில் தெருவில் இடும் உப்பும் சேறும் முன் மட்காட்டின் உட்புறத்தில் தங்கித் தகட்டை உள்ளிருந்தே அரிக்கும். வெளியில் நிறம் கொப்புளித்துத் தெரியும்பொழுது உள்ளே தகடு பெரும்பாலும் போய்விட்டிருக்கும்.

கம்பனியின் உள்ளேயும் அரிப்பு அதற்குள் தொடங்கியிருந்தது. 1953இல் வெளியான இருகதவு வண்டி, றேமன்ட் லோவியின் கலைக்கூடத்தில் றொபேட் போர்க் வரைந்தது. தாழ்ந்து நீண்ட அதன் அழகை இன்றும் வடிவமைப்பாளர் போற்றுவர். ஆனால் மக்கள் நான்கு கதவு வண்டியையே மிகுதியாகக் கேட்பர் என்று கம்பனி எண்ண, கேள்வி மறுதலையாய் அமைந்தது. இரண்டின் உடற்பாகங்களும் ஒன்றுக்கொன்று பொருந்தா. சட்டகம் நெகிழ்ந்தமையால் எஞ்சினை ஏற்றியபின் முன்தகடுகள் ஒன்றோடொன்று சேர மறுத்தன. வாங்க வந்தோர் காத்திருந்து சலித்து வேறு கடைக்குச் சென்றனர். அதே வேளையில் போர்ட்டும் செவ்ரலேயும் தம்முள் விலைப்போர் தொடுத்தன. யானைகள் பொருத களத்தில் மிதிபட்டவை சிறு கம்பனிகளே. 1954இல் தொழிலாளர் வாக்களித்துத் தம் சம்பளக் குறைப்பை ஏற்றனர். அவ்வாண்டு பக்கார்ட் கம்பனியுடன் இணைப்பும் நிகழ்ந்தது. இணைந்த பின்னரே, நட்டமின்றி நடக்க ஆண்டுக்கு ஏறத்தாழ 2 இலட்சத்து 80 ஆயிரம் வண்டிகள் விற்கவேண்டும் என்று பக்கார்ட் தரப்பினர் கணக்கிட்டறிந்தனர்; விற்பனையோ 1 இலட்சத்தை எட்டவில்லை. கணக்குப் பார்த்தபின் மணம் பேசாமல், மணம் முடித்தபின் கணக்குப் பார்த்தனர்.

1959இல் பழைய உடலின் முன்னும் பின்னும் குறுக்கி ‘லார்க்’ என்னும் சிறு வண்டியைச் செய்தனர். அஃது ஓராண்டு நல்ல இலாபம் தந்தது. 1960இல் மூன்று பெருங் கம்பனிகளும் தத்தம் சிறு வண்டிகளுடன் சந்தைக்கு வர, அதுவும் தளர்ந்தது. 1962இல் கண்ணாடியிழை உடலும் முன்சில்லுகளில் வட்டத்தகட்டுப் பிறேக்கும் கொண்ட ‘அவந்தி’ அனைவரையும் கவர்ந்தது. ஆயின் வெளியே செய்வித்த உடல்கள் சரிவரப் பொருந்தாமையால் உரிய காலத்தில் வழங்க முடியவில்லை. இரு ஆண்டுகளிலும் 5,000 வண்டிகூட ஆகவில்லை. 1963 டிசம்பர் 9இல் மூடல் அறிவிக்கப்பட்டது. அம்மாதம் 20இல் சவுத் பென்டின் கடைசி வண்டி வெளிவந்தது. கனடாவின் ஹமில்ரன் நகரில் மேலும் சிறிது காலம், பிற்பகுதியில் ஜெனரல் மோட்டேர்ஸ் எஞ்சினைப் பூட்டி, வண்டிகள் செய்யப்பட்டன. 1966 மார்ச்சில் அதுவும் நின்றது. கம்பனி இறந்ததோவெனின், இல்லை. அதற்குள் அது வேறு பல தொழில்களை வாங்கியிருந்தது. 1967இல் வேதிங்ரன் என்னும் கம்பனியுடன் சேர்ந்து தொடர்ந்து வாழ்ந்தது. பங்குகாரர்க்கு மோட்டார் வண்டி நட்டம் தரும் ஒரு பகுதி, அதனை வெட்டிவிட்டனர். தெருவில் வண்டியை வைத்திருந்தோர்க்கு அஃது அவ்வாறன்று.

விற்பனையாளர் பெயர்ப்பலகையைக் கழற்றி வேறு கம்பனிகளின் முகவராயினர். பழைய வண்டியைக் கொடுத்துப் புதியது வாங்கச் சென்றோர்க்குக் கிடைத்த விலை அற்பம். ஆயினும் எதிர்பாராத நன்மையொன்றும் இருந்தது. பணமின்மையால் கம்பனி 1953இன் அடிப்படை உடலமைப்பையே பெரும்பாலும் இறுதிவரை திருத்தித் திருத்திப் பயன்படுத்தியது. 1951இல் வந்த எட்டு சிலிண்டர் எஞ்சினும் 1964வரை ஓடியது. ஆகவே ஓராண்டு வண்டியின் பாகம் பத்தாண்டுக்கு முந்திய வண்டிக்கும் பொருந்தும். கியரும் பிறேக்கும் வெளியார் செய்து பல கம்பனிகளுக்கும் வழங்கியவையாதலின் அவையும் அரிதாகவில்லை. கம்பனியின் வறுமை உரிமையாளர்க்கு வளமாயிற்று! 1962இலேயே தொடங்கிய ஸ்ரூடிபேக்கர் ஓட்டுநர் சங்கம் பல்லாயிரம் உறுப்பினரைப் பெற்றது. ‘சுழலும் சில்லுகள்’ எனப் பொருள்படும் அதன் சஞ்சிகை, எவரிடம் எப்பாகம் உண்டு என்பதை ஊரெங்கும் அறிவித்தது. எஞ்சிய இருப்புகள் பல ஆண்டுகள் விற்பனையாயின. தீர்ந்தவற்றை உரிமையாளரே செய்வித்தனர். சவுத் பென்டின் விற்பனையாளர் இருவர் அவந்தியைச் செய்யும் உரிமையை வாங்கி, மூடிய தொழிற்சாலையின் ஒரு பகுதியிலேயே 1965 முதல் சிறு தொகையாகச் செய்து விற்றனர்.

இவ்விடத்தில் எம்மூர் நினைவு வாராதிராது. ஒஸ்ரினும் மொறிஸும் 1980களில் மறைந்த பெயர்களே. 1990களிற் பொருளாதாரத் தடையால் பெற்றோலும் உதிரிப்பாகமும் அரிதான யாழ்ப்பாணத்தில், சில துளி பெற்றோலால் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடியவை அவ்வண்டிகளே. சங்கமும் சஞ்சிகையும் இல்லாத குறையைப் பட்டறைக்காரரின் கைகள் தீர்த்தன.

தொழிலாளர் நிலை வேறு. தொழிற்சங்க உடன்படிக்கையால் 1950இல் ஏற்பட்ட ஓய்வூதிய நிதி, முன்னைய சேவைக் காலத்துக்குரிய பணத்தைப் பல ஆண்டுகளிற் சிறிது சிறிதாகச் செலுத்துவது என்னும் ஏற்பாடுடையது. கம்பனி நின்றபோது நிதி நிரம்பியிருக்கவில்லை. அதனைப் பங்கிடும் முறை உடன்படிக்கையிலேயே வகுக்கப்பட்டிருந்தது. ஏற்கெனவே இளைப்பாறியோரும் 60 வயதை எட்டித் தகுதி பெற்றோருமாக ஏறத்தாழ 3,600 பேர்க்கு முழுமையாகக் கிடைத்தது. 40 வயதுக்கும் 59க்கும் இடைப்பட்ட, உரிமை பெற்ற ஏறத்தாழ 4,000 பேர்க்கு உரியதில் நூற்றுக்குச் சுமார் 15 வீதமே கிடைத்தது. ஏனையோர்க்கு ஒன்றுமில்லை. வாழ்நாளிற் பாதியை அத்தொழிற்சாலையிற் கழித்தோர் இவர்களுட் பலர். மறு தொழில் தேடுவதற்கு வயது கடந்துவிட்டது; ஓய்வூதியம் பெறுவதற்கோ வயது போதவில்லை. பழுதான அச்சுக்காக வீடுதோறும் ஆளனுப்பிய கம்பனியின் பெயரே அக்கணக்குப் புத்தகத்தின் மேலும் இருந்தது.

இக்கேடு அமெரிக்கச் சட்டமன்றத்திற் பல ஆண்டுகள் எடுத்துக்காட்டாகப் பேசப்பட்டது. 1974 செப்டெம்பரில் சனாதிபதி போர்ட் ஒப்பமிட்ட சட்டம், தனியார் ஓய்வூதிய நிதிகள் பேணவேண்டிய அளவுகளை வகுத்தது. நிதி முறிந்தால் ஈடு வழங்கும் காப்புறுதி நிறுவனம் ஒன்றையும் ஏற்படுத்தியது. அச்சட்டம் முன்னோக்கியே செல்லுபடியாயிற்று. சவுத் பென்ட் தொழிலாளர் இழந்த பணம் திரும்பவில்லை.