வெள்ளை வேட்டி மஞ்சளானது ஏன்?

வாசல் வெயிலுக்கென அமைத்த வீடியோ கேமராவை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்தேன். குண்டு பல்பின் கீழ் நின்ற மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி படத்தில் மஞ்சளாகிவிட்டது! கேமரா பழுதா? இல்லை.

கொல்லன் உலையில் இரும்பைப் பார்த்திருப்பீர்கள். சூடு ஏற ஏறச் சிவப்பு, மஞ்சள், வெண்மை என அது மாறும். இவ்வாறு சூடேறும் பொருளோடு ஒப்பிட்டே ஒளியின் நிறத்தைக் கெல்வினில் குறிக்கிறோம். குண்டு பல்பு சுமார் 2,800. நண்பகல் வெயில் சுமார் 5,500. (நாம் இதமானது என்று சொல்லும் மஞ்சள் ஒளிக்குத்தான் எண் குறைவு, வேடிக்கைதான்!) எல்.இ.டி. விளக்குப் பெட்டியிலும் இந்த எண் அச்சிட்டிருக்கும்.

இந்த வேறுபாட்டை நம் மூளை பெரும்பாலும் தானே சரிக்கட்டிவிடும். கேமராவுக்கோ, அங்குள்ள ஒளியில் ஒரு வெண்தாளைக் காட்டி, எது வெள்ளை என்று சொல்ல வேண்டும். ஜன்னல் வெயிலும் பல்பும் கலந்துவிட்டால் அதுவும் பலிக்காது. பல்பை அணையுங்கள், அல்லது ஜன்னலை மூடுங்கள்.