பேசாத குழந்தைக்கும் பார்வையை அளக்கலாம்
சிறப்புத் தேவையுடைய குழந்தைகளின் கண் நலம்: பெற்றோர் அறிய வேண்டியவை

சென்ற ஆண்டு, கெலவரப்பள்ளி அணைக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து 7 வயதுச் சிறுமி ஒருத்தியை அவள் தாய் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு அழைத்து வந்தார். தந்தை ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்து, உறங்காமல் உடன் வந்திருந்தார். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை. பேச்சு ஓரிரு சொற்களே. தாயின் பையிலிருந்த பழைய சீட்டுகள் இரண்டில், 3 வயதிலும் 5 வயதிலும் ஒரே வரி எழுதப்பட்டிருந்தது: “ஒத்துழைப்பு இல்லை, பார்வையைப் பரிசோதிக்க இயலவில்லை.”

பள்ளியில் அவள் படப் புத்தகத்தைப் பார்ப்பதில்லை. வீட்டில் படியிறங்க அஞ்சுவாள். தட்டில் உள்ள உணவைத் தடவித் தேடுவாள். இவை யாவும் பிறவிக் குறையின் பகுதியே என்று குடும்பத்தார் ஏற்றுக்கொண்டிருந்தனர்.

அன்று அவளிடம் ஒரு சொல்லும் கேட்காமல் பார்வையை அளந்தோம். இரு கண்களிலும் மிகுதியான தூரப்பார்வைக் குறை இருந்தது; இடக்கண்ணில் அது இன்னும் அதிகம். கண்ணாடி அணிந்தபின் வலக்கண் நன்கு தேறியது. இடக்கண்ணோ பல ஆண்டுகள் தெளிவான உருவத்தைக் காணாமையால் ‘சோம்பேறிக் கண்’ ஆகிவிட்டிருந்தது. முழுப் பார்வை மீளவில்லை. முதல் சீட்டு எழுதப்பட்ட 3 வயதிலேயே கண்ணாடி கிடைத்திருந்தால், அது மீள்வதற்கு வாய்ப்பு மிக அதிகமாக இருந்திருக்கும். (குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியுள்ளேன்.)

அந்த ஒற்றை வரியைப் பட்டமேற்படிப்புக் காலத்தில் நானும் பல சீட்டுகளில் எழுதியிருக்கிறேன். குழந்தையைப் பற்றிய குறிப்பாக அது படிக்கப்படுகிறது. உண்மையில், அன்று எங்களிடம் இருந்த நேரத்தையும் கருவியையும் பயிற்சியையும் பற்றிய குறிப்பே அது. பெற்றோர் பலர் அதனைக் ‘கண்ணில் குறையில்லை’ என்று பொருள்கொண்டு திரும்பிவிடுகின்றனர். அந்தப் பிழையைத் தவிர்ப்பதற்காகவே இக்கட்டுரை.

இக்குழந்தைகளுக்குக் கண் குறை ஏன் அதிகம்?

கற்றல் திறன் குறைபாடுள்ள குழந்தைகளுக்குக் கடுமையான பார்வைக் குறை இருப்பதற்கான வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட 28 மடங்கு என்று இங்கிலாந்தில் மதிப்பிட்டுள்ளனர். கண்ணும் மூளையும் கருவில் ஒருசேர வளர்வன. மூளையைப் பாதிக்கும் காரணம் பெரும்பாலும் கண்ணையும் பார்வைப் பாதையையும் விட்டுவைப்பதில்லை.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குக் கிட்டப்பார்வை, தூரப்பார்வை, மாறுகண், கண்புரை ஆகியவை மிகுதியாக வருகின்றன. அருகிலுள்ள பொருளுக்கு ஏற்பக் கண் தன் குவியத்தை மாற்றிக்கொள்ளும் திறனும் பலருக்குக் குறைவு. அதனால் தொலைவில் உள்ளது தெரிந்தாலும் கையிலுள்ள புத்தகம் மங்கலாக இருக்கும். இருகுவியக் கண்ணாடி அவர்களுக்கு உதவும். கண்ணை ஓயாமல் கசக்கும் பழக்கமும் கவனிக்கத்தக்கது. கருவிழி மெலிந்து கூம்பு போலப் புடைக்கும் நோய்க்கு வளரிளம் பருவத்தில் அது வழிவகுக்கலாம்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு விழித்திரை இரத்தக்குழாய்கள் முறைதவறி வளர்வதால் பார்வை முற்றிலும் பறிபோகக்கூடும். 34 வாரத்துக்கு முன்போ 2000 கிராமுக்குக் குறைந்த எடையுடனோ பிறந்த குழந்தைக்கு, பிறந்த 30 நாள்களுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடந்தாக வேண்டும். நமக்கு அடுத்துள்ள கர்நாடகத்தில் 2008 முதல், தொலைதூர ஊர்களில் பிறந்த சிசுக்களின் விழித்திரையைப் படமெடுத்துப் பெங்களூரு வல்லுநர்களுக்கு அனுப்பி ஆராயும் ‘கிட்ராப்’ என்னும் திட்டம் நடைபெற்று வருகிறது. காலத்தே பார்த்தால் லேசர் சிகிச்சையால் பெரும்பாலான கண்களைக் காப்பாற்றிவிடலாம்.

தாய்க்குக் கருவுற்ற காலத்தில் ருபெல்லா தொற்றினால், குழந்தைக்குக் கண்புரை, காதுகேளாமை, இதயக் குறை, அறிவுத்திறன் குறை ஆகியவை ஒருங்கே வரலாம். 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகம் உள்ளிட்ட பகுதிகளில் தட்டம்மை–ருபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியதன் நோக்கங்களுள் இதனைத் தடுப்பதும் ஒன்று. 9 மாதத்திலும் 16–24 மாதத்திலும் இடப்படும் அத்தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகள் சிலர் இரண்டு மூன்று வகை உணவைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. அவர்களுக்கு வைட்டமின் ஏ குறைந்து, மாலைக்கண்ணும் கண் வறட்சியும் வந்து, கருவிழியே புண்ணாகலாம். குழந்தை என்ன உண்கிறது என்பதையும் கண் மருத்துவரிடம் கூறுங்கள்.

கண் நலமாக இருந்தும் பார்வை குறைவது எப்படி?

பிறப்பின்போது மூளைக்கு உயிர்வளி குறைந்த குழந்தைகள், இரத்தச் சர்க்கரை மிகவும் தாழ்ந்த குழந்தைகள், பெருமூளை வாதம் உள்ளவர்கள் ஆகியோரிடம் இத்தகைய நிலை காணப்படுகிறது. கண் படம்பிடிக்கிறது, அதனைப் பொருள்படுத்தும் மூளைப்பகுதி பழுதுபட்டிருக்கிறது. இதனை மூளைசார் பார்வைக் குறைபாடு என்கிறோம்.

இக்குழந்தைகளின் பார்வை ஒரே சீராக இராது. காலையில் பார்த்த பொம்மையை மாலையில் பாராதிருப்பர். அசையும் பொருளைக் காண்பர், அசையாததைத் தவறவிடுவர். மஞ்சள், சிவப்பு போன்ற அழுத்தமான நிறங்களை நாடுவர். ஒரு பொருளைக் கையால் எடுக்கும் நொடியில் முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொள்வர். கூட்டமும் ஓசையும் மிகுந்த இடத்தில் பார்வை இன்னும் குறையும். பெற்றோர் இதனைக் கண்டு ‘வேண்டுமென்றே பார்க்க மறுக்கிறான்’ என்று கடிந்துகொள்வதுண்டு. குழந்தை மறுக்கவில்லை, அந்நேரத்தில் அதன் மூளைக்கு இயலவில்லை.

இதற்கு வீட்டிலேயே செய்யக்கூடியவை பல. ஒரு நேரத்தில் ஒரே பொருளை மட்டும் காட்டுங்கள். பூப்போட்ட பாயின் மீது வைக்காமல், ஒரே நிறமுள்ள கருந்துணியின் மீது வையுங்கள். தொலைக்காட்சியை நிறுத்திவிடுங்கள். பொருளை மெல்ல அசைத்துக் காட்டி, குழந்தை பார்க்கும் வரை காத்திருங்கள். தொடர்ந்து செய்தால் பல குழந்தைகளிடம் முன்னேற்றம் தெரியும்.

எழுத்துப் பலகையின்றி எவ்வாறு அளக்கிறோம்?

முதலாவது, கோட்டு அட்டை. சாம்பல் நிற அட்டையின் ஒரு பக்கத்தில் மட்டும் கறுப்பு வெள்ளைக் கோடுகள் இருக்கும். வெறும் சாம்பல் நிறத்தைவிடக் கோடுகளையே சிசுவின் கண் இயல்பாக நாடும். கோடுகளை மேன்மேலும் நுண்ணியதாக்கிக்கொண்டே செல்வோம். எந்த அளவில் குழந்தையின் கண் கோடுகளைத் தேடுவதை நிறுத்துகிறதோ, அதுவே ஏறத்தாழ அதன் பார்வை எல்லை. இதற்குப் பேச்சும் வேண்டாம். சொல்வதைப் புரிந்துகொள்ளவும் வேண்டாம்.

இரண்டாவது, படம் பொருத்துதல். ஃபின்லாந்து நாட்டுக் கண் மருத்துவர் லியா ஹைவரினன் 1976-இல் ஆப்பிள், வீடு, சதுரம், வட்டம் என நான்கு வடிவங்களைக் கொண்ட சோதனையை உருவாக்கினார். பார்வைக்கு எட்டாத அளவில் நான்கும் ஒன்றுபோல வட்டமாகவே மங்கித் தெரியும். ஆகவே ஊகித்துச் சொல்வது கடினம். தன் மடியிலுள்ள அட்டையில் அதே வடிவத்தைக் குழந்தை தொட்டுக் காட்டினால் போதும். வீட்டில் தெலுங்கும் தெருவில் கன்னடமும் பள்ளியில் தமிழும் கேட்டு வளரும் நம் எல்லைப்புறக் குழந்தைகளுக்கும், வேலை தேடி வந்த வடமாநிலக் குடும்பத்துக் குழந்தைகளுக்கும் இச்சோதனை மிகவும் பொருந்தும்.

மூன்றாவது, ரெட்டினோஸ்கோப். கண் பாவையை விரிக்கும் சொட்டு மருந்திட்டபின், இக்கருவியின் ஒளிக்கீற்றைக் கண்ணுள் செலுத்துவோம். விழித்திரையிலிருந்து திரும்பி வரும் செந்நிற ஒளி எத்திசையில் நகர்கிறது என்பதைக் கொண்டு கண்ணாடியின் அளவைக் கணிக்கிறோம். குழந்தை எதையும் சொல்லத் தேவையில்லை. சொட்டு மருந்தால் சில மணி நேரமோ, மருந்தைப் பொறுத்துச் சில நாள்களோ வெளிச்சத்தில் கண் கூசும்; அருகில் உள்ளது மங்கும். முகம் சிவத்தலோ காய்ச்சலோ கண்டால் உடனே தெரிவியுங்கள். வலிப்பு நோய் இருப்பின் மருந்திடுவதற்கு முன்பே கூறுங்கள். வலிப்புக்கு விகாபாட்ரின் உட்கொள்ளும் குழந்தைக்குப் பக்கப் பார்வை குறையக்கூடும். அதற்குத் தொடர் கண்காணிப்பு தேவை. ஆனால் அம்மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டில் காணக்கூடிய அறிகுறிகள்

• பொருள்களைக் கண்ணருகே கொண்டு செல்லுதல். தலையைச் சாய்த்தோ ஓரக்கண்ணாலோ பார்த்தல்
• கண்கள் நிலையின்றி ஆடுதல். ஒரு கண் விலகியிருத்தல்
• ஒரு கண்ணை மறைத்தால் மட்டும் அழுது கையைத் தட்டிவிடுதல் (மறைக்காத கண்ணில் பார்வை குறைவாக இருக்கலாம்)
• கண்ணைக் குத்துதல், கசக்குதல், விளக்கையே உற்றுநோக்குதல்
• படியிலும் வாசற்படியிலும் தடுமாறுதல். மாலையில் நடக்க அஞ்சுதல்
• கண் பாவை வெண்மையாகத் தெரிதல்: இதற்குக் காரணம் கண்புரையாகவோ கண் புற்றுநோயாகவோ இருக்கலாம்; மறுநாளுக்குத் தள்ளாதீர்கள்

அறிகுறி இல்லையெனினும் பரிசோதனை வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைக்கு 6 மாத வயதுக்குள்ளும், மற்றக் குழந்தைகளுக்குக் குறை கண்டறியப்பட்டவுடனும், அதன்பின் மருத்துவர் குறிக்கும் இடைவெளியிலும் பாருங்கள். சோம்பேறிக் கண்ணுக்கான சிகிச்சை 7, 8 வயதுக்குள் தொடங்கினால் பலன் அதிகம்.

வருவதற்கு முன்

குழந்தை பசியாறி, உறங்கியெழுந்து, தெளிவாக இருக்கும் நேரத்தில் வாருங்கள். அதற்குப் பிடித்த பொம்மையைக் கொண்டு வாருங்கள். வட்டம், சதுரப் படங்களை வீட்டில் பொருத்திப் பழக்குங்கள். டார்ச் ஒளியையும் ஒரு கண்ணைக் கையால் மூடுவதையும் விளையாட்டாக அறிமுகப்படுத்துங்கள். அன்றாட நடத்தையைக் கைப்பேசியில் ஓரிரு நிமிடம் படமெடுத்து வந்தால், எங்கள் அறையில் காண முடியாததை நாங்கள் காண்போம். கூட்டத்தைத் தாங்காத குழந்தை எனில், பதிவுச் சீட்டு வாங்கும்போதே சொல்லுங்கள். ஒரே நாளில் முடியாவிடில் இரண்டு மூன்று வருகைகளாகப் பிரித்துக்கொள்ளலாம். அதில் குறைவொன்றும் இல்லை.

கண்ணாடியைக் கழற்றி எறிகிறதே!

பெரும்பாலான குழந்தைகள் முதலில் அவ்வாறுதான் செய்யும். மூக்குத்தண்டு தாழ்ந்த குழந்தைக்கு வழக்கமான சட்டம் வழுக்கி இறங்கும். அதற்கேற்ற சட்டத்தையும், பின்தலையில் மாட்டும் நெகிழ்பட்டையையும், உடையாத பாலிகார்பனேட் வில்லையையும் கேட்டு வாங்குங்கள். முதல் வாரத்தில் குழந்தைக்குப் பிடித்த செயலின்போது மட்டும் 5 அல்லது 10 நிமிடம் அணிவித்து, நாள்தோறும் நேரத்தைக் கூட்டுங்கள். கண்ணாடியின் பயனையும், வகுப்பில் முன்வரிசையில் அமர்த்த வேண்டியதையும், எவ்வளவு பெரிய எழுத்து தெரியும் என்பதையும் சிறப்பாசிரியருக்கு எழுதித் தரும்படி எங்களிடம் கேளுங்கள்.

உதவி கிடைக்கும் இடங்கள்

2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்னும் சிறார் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் வரவேண்டும். குறை தெரிந்தால் மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவர். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியரையும் மருத்துவ முகாம் நாளையும் அறியலாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்வைக் குறையையும் பல்வகைக் குறைபாட்டையும் தனித்தனியே அங்கீகரிக்கிறது. ஏற்கெனவே சான்று பெற்றிருப்பினும் பார்வைக் குறையைச் சேர்க்கக் கோரலாம். பணி மாறி ஊர் மாறும் குடும்பத்தார், ஓசூரில் பார்த்ததாயினும் பெங்களூரில் பார்த்ததாயினும், எல்லாச் சீட்டுகளையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள்.

அச்சிறுமிக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் மாற்றிவிடவில்லை. அவள் கற்கும் வேகம் முன்போலவே மெதுவானது. ஆனால் தட்டிலுள்ள உணவைப் பார்த்து எடுக்கிறாள். படியில் தாயின் கையை விட்டு இறங்குகிறாள். உங்கள் குழந்தையின் சீட்டில் ‘பரிசோதிக்க இயலவில்லை’ என்று எழுதப்பட்டால், எழுந்து வந்துவிடாதீர்கள். “அடுத்து எந்த நாளில், எந்த முறையில் பார்ப்பீர்கள்?” என்று கேளுங்கள். அந்த நாளையும் அதே சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.