இன்றிரவு எங்கே கூத்து?

பத்தாம் வகுப்பில் ‘நிகழ்கலை’ பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். “உங்களில் யார் தெருக்கூத்து பார்த்திருக்கிறீர்கள்?” என்று கேட்டேன். நான்கு கைகள் மட்டுமே உயர்ந்தன. ஆனால், அதற்கு முந்தைய ஆடியில் எங்கள் பள்ளியிலிருந்து மூன்று கிலோமீட்டர் தொலைவிலுள்ள திரௌபதி அம்மன் கோயிலில் பத்து இரவுகள் பாரதக் கூத்து நடந்திருந்தது.

மாணவர்களுக்கு ஆர்வமில்லை என்று சொல்லிவிட முடியாது. அவர்களுக்குச் செய்தியே போய்ச் சேரவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட் வந்த பிறகு ஒடிசா, பீகார், ஆந்திரா, தென்மாவட்டங்கள் என்று பல இடங்களிலிருந்து குடும்பங்கள் வந்து வாடகை வீடுகளில் தங்கியுள்ளன. கூத்து அறிவிப்போ கோயில் சுவரில் ஒரு சுவரொட்டி, ஊருக்குள் ஓர் ஒலிபெருக்கி என்ற அளவில்தான். அந்த ஊரைச் சேராதவருக்கு அது எட்டாது. சென்னை சபாக்களின் டிசம்பர் கச்சேரிகளுக்கு நாளிதழ்ப் பட்டியலும் இணையப் பட்டியலும் உண்டு. ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் நம் கூத்துக்கு ஒரு பட்டியல் இல்லை. அதை நாமே செய்தால் என்ன என்று ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் பத்துப் பேருடன் தொடங்கினேன்.

முதலில் தாள், பிறகு கணினி

இணையதளம் என்றதும் மாணவர்கள் வண்ணம், படம் என்று பேசத் தொடங்கினார்கள். இரண்டு வாரம் கணினியைத் தொடவேண்டாம் என்றேன். ஒவ்வொருவரும் தம் ஊரில் விசாரித்து ஒரு தாளில் எழுதி வந்தார்கள்: என்ன கலை, எந்த ஊர், எந்த இடம், அருகிலுள்ள பேருந்து நிறுத்தம், நாள், நேரம், தகவல் சொன்னவர் யார்.

பிறகு உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் அதே தலைப்புகளைக் கூகுள் ஷீட்ஸில் பத்திகளாக்கினோம். கூகுள் சைட்ஸில் ஒரே ஒரு பக்கம் உருவாக்கி, அந்த அட்டவணையை அதில் பொருத்தினோம். இரண்டும் இலவசம், நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அட்டவணையில் ஒரு வரியைத் திருத்தினால் பக்கத்திலும் மாறிவிடும். திருத்தும் உரிமை என்னிடம் மட்டும் இருந்தது. மாணவர் கொண்டுவரும் தகவலை நான் பார்த்த பிறகே பதிவேற்றுவோம்.

இரவு பன்னிரண்டு மணி எந்த நாள்?

அப்படிப் பார்த்தும் தவறு நேர்ந்தது. பங்குனியில் ஓர் ஊரில் பதினெட்டாம் போர் கூத்து. “சனிக்கிழமை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல” என்று கோயிலில் சொன்னார்கள். நள்ளிரவுக்குப் பின் நாள் மாறிவிடும் அல்லவா? ஆகவே மாணவர் ‘ஞாயிறு, இரவு 12.00’ என்று எழுதினார். நானும் ஒப்புக்கொண்டேன். கணினிக் கணக்கில் சரிதான். ஊர் வழக்கில் தவறு.

எங்கள் குழுவில் ஒடிசாவிலிருந்து வந்த மாணவர் ஒருவர் இருக்கிறார். தந்தைக்கு இரும்பு உருக்காலையில் வேலை. இவ்வூருக்கு வந்த பிறகு முதன்முறையாகக் குடும்பத்தோடு ஒரு விழாவுக்குப் போகலாம் என்று, ஒரு ஷிப்டை விட்டுவிட்டு ஞாயிறு இரவு கிளம்பியிருக்கிறார். கூத்து முந்தைய இரவே முடிந்து, ஞாயிறு காலையில் படுகளமும் மாலையில் தீமிதியும் நடந்துவிட்டன. அவர்கள் கண்டது பாதி கலைந்துபோன மண் துரியோதனனையும் சாம்பலையும்தான். “நம்ம பக்கத்துலதான் சார் அப்படிப் போட்டிருந்துச்சு” என்று திங்கட்கிழமை அந்த மாணவர் சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை. ஒரு நாள் கூலி போனது என் கவனக்குறைவால்.

அன்றே பத்தியை மாற்றினோம். இப்போது ‘தொடக்கம்: சனி இரவு 10 மணி, முடிவு: ஞாயிறு விடியற்காலை’ என்று இரண்டு நாட்களையும் எழுதுகிறோம். ‘ஆடி இரண்டாம் வெள்ளி’ என்று சொன்னால், நாட்காட்டி பார்த்து ஆங்கிலத் தேதியையும் சேர்க்கிறோம். நிகழ்ச்சிக்கு முதல்நாள் மீண்டும் ஒருமுறை கேட்டு உறுதிசெய்கிறோம்.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு

தமிழாசிரியனான என்னையே திகைக்க வைத்த சிக்கல் இது. பட்டியலில் ‘திரௌபதி’ என்று தேடினால் சில வரிகள் மட்டுமே வந்தன. காரணம், சிலர் ‘ௌ’ என்னும் ஒரே குறியை இடாமல், ஒற்றைக்கொம்பையும் ‘ள’ என்னும் உயிர்மெய் எழுத்தையும் தனித்தனியே தட்டச்சு செய்திருந்தார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஒருங்குறியில் அவை வெவ்வேறு எழுத்துகள். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: அந்த எழுத்துக்குப் பின் கர்சரை வைத்து அழிக்கும் விசையை ஒருமுறை அழுத்துங்கள். ‘திர’ என்று நின்றால் சரி. ‘திரெ’ என்று நின்றால் தவறு.

மேலும், கூத்து, தெருக்கூத்து, கட்டைக்கூத்து, பாரதம் என்று ஒரே கலையை ஊருக்கு ஒரு பெயரால் அழைக்கிறார்கள். ஊர் சொல்லும் பெயரை மாற்றாமல் எழுதி, பக்கத்தில் ‘வகை’ என்று ஒரு பத்தி சேர்த்தோம். சுவரொட்டியைப் படமெடுத்துப் போட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்: படத்துக்குள் இருக்கும் எழுத்து எங்கள் பட்டியலில் தேடினால் அகப்படாது.

கேட்டு எழுதுதல்

கூத்து வாத்தியார் ஒருவரின் கைப்பேசி எண்ணை நல்லெண்ணத்தில் வெளியிட்டோம். வேடம் கட்டும் நேரத்தில் அழைப்பு மேல் அழைப்பு. “எண்ணை எடுத்துடுங்க சார், நோட்டீஸ் மட்டும் இருக்கட்டும்” என்றார். அதிலிருந்து, யாருடைய பெயரையோ எண்ணையோ படத்தையோ அவரிடம் கேட்காமல் வெளியிடுவதில்லை. மாணவர்களின் பெயரும் படமும் பக்கத்தில் இல்லை. இரவு நிகழ்ச்சிகளுக்குப் பெற்றோருடன் மட்டுமே செல்ல வேண்டும் என்பதும் விதி.

அதே வேளையில், எதிர்பாராத ஒன்றும் நடந்தது. கூத்து என்றாலே முகம் திருப்பிக்கொள்ளும் மாணவி ஒருவர், தம் தாத்தா முகவீணை வாசிப்பவர் என்று ஒருநாள் மெல்லச் சொன்னார். அதுவரை அதை அவர் வகுப்பில் சொன்னதில்லை. கலைத் திருவிழாவுக்கு மாணவர்களைத் தயார்செய்ய வெளியிலிருந்து ஆள் தேடிக்கொண்டிருந்தோம். கலைஞர் எங்கள் மாணவியின் வீட்டிலேயே இருந்தார்.

ஆடி வந்தது. வேறோர் ஊரில் அர்ச்சுனன் தபசு. பட்டியலைப் பார்த்து அந்த ஒடிசாக் குடும்பம் மீண்டும் வந்திருந்தது. இம்முறை நாள் சரியாக இருந்தது. விடியும் நேரத்தில் தந்தை ஏதோ சொல்ல, மகன் எனக்குத் தமிழில் சொன்னார்: “எங்க ஊர் ஜாத்ராவும் இப்படித்தான் சார், விடிய விடிய நடக்கும்.”

தொடங்க விரும்பும் ஆசிரியர்கள் மாவட்டம் முழுவதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பள்ளிக்கு மாணவர்கள் வரும் ஊர்கள் மட்டும் போதும். பத்து வரிகள் இருந்தாலும் பத்தும் சரியாக இருக்கட்டும். அதை நம்பி ஒருவர் வேலையை விட்டுவிட்டுக் கிளம்பி வரக்கூடும்.