புயல் கூண்டு ஏறினால் தோணி கிளம்பலாமா? நாள் பார்த்து கடலில் இறங்கும் தூத்துக்குடி கணக்கு

மல்லசமுத்திரம்:
ஊர் பேரிலேயே சமுத்திரம் இருந்தாலும், நாமக்கல் மாவட்டம் மல்லசமுத்திரத்துக்காரர்கள் கடலைப் பார்க்க பஸ் ஏறித்தான் போகணும். ஆனால் மழைக்காலம் வந்துவிட்டால் "தூத்துக்குடியில் 1-ம் எண் புயல் கூண்டு ஏற்றம்" என்ற செய்தி இங்கேயும் டி.வி.யில் ஓடும். அது யாருக்கான எச்சரிக்கை? அதைப் பார்த்து கடலில் என்ன முடிவு எடுக்கிறார்கள்? அதற்கு தூத்துக்குடி தோணிகளின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தோணி என்பது மரத்தால் செய்த சரக்குப் படகு. ஒரு காலத்தில் பாய் மட்டும்தான். இப்போது எஞ்சினும் உண்டு. தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் இருந்து காய்கறி, கட்டுமானப் பொருட்களை ஏற்றிக்கொண்டு மாலத்தீவு, லட்சத்தீவுக்குப் போகிறது. இதன் கேப்டனுக்கு 'தண்டல்' என்று பெயர்.

லாரி வேறு, தோணி வேறு

நம்ம ஊரில் லோடு ஏற்றி தார்ப்பாய் கட்டிவிட்டால் ராத்திரியே லாரி கிளம்பிவிடும். டிரைவருக்கு தூக்கம் வந்தால் ஓரம் கட்டலாம். தோணியை நடுக்கடலில் ஓரம் கட்ட முடியாது.

தூத்துக்குடியில் இருந்து மாலே சுமார் 400 கடல் மைல். அதாவது ஏறக்குறைய 740 கிலோமீட்டர். மணிக்கு 6 கடல் மைல் வேகம் என்று வைத்தாலும் 67 மணி நேரம், கிட்டத்தட்ட 3 நாள் ஆகும். எதிர்க்காற்று அடித்தால் இன்னும் இழுக்கும். அதனால் கிளம்புகிற நாள் மட்டும் நன்றாக இருந்தால் போதாது. போய்ச் சேருகிற நாளும், அதற்கு மேல் ஒன்றிரண்டு நாளும் நன்றாக இருக்கணும்.

காற்று சொல்வதுதான் காலண்டர்

மே மாதம் பாதியில் இருந்து செப்டம்பர் வரை தென்மேற்கு பருவக்காற்று. அந்த மாதங்களில் தோணிகள் கரையிலேயே நிற்கும். பழுது பார்ப்பது எல்லாம் அப்போதுதான். சீசன் முடிகிற சமயத்தில் கடைசி நடைக்கு ஆசைப்படுவதில்தான் ஆபத்து இருக்கிறது. மாலேயில் சரக்கு இறக்க தாமதமானால் திரும்பி வரும்போது காற்று மாறிவிடும். போகிற நாளைப் பார்க்கும்போதே வருகிற நாளையும் பார்க்கணும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேறு பயம். அது புயல் காலம். 2017-ல் வந்த ஒக்கி புயலை யாரும் மறக்க முடியாது. நவம்பர் 29-ந்தேதி காற்றழுத்த தாழ்வு மண்டலம், மறுநாளே புயல். கன்னியாகுமரி கடல் பகுதியைக் கலக்கிவிட்டு லட்சத்தீவு பக்கம் போனது. முன்பே கடலுக்குப் போயிருந்த தமிழக, கேரள மீனவர்கள் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போனார்கள். மாலத்தீவுக்குப் போகும் தோணியும் கன்னியாகுமரி முனையைச் சுற்றித்தான் போகணும்.

அந்த முனைதான் கடைசி முடிவு எடுக்கிற இடம். அதுவரை கரை பக்கத்தில் இருக்கிறது. வானம் சரியில்லை என்றால் திரும்பலாம், இல்லை விழிஞ்ஞம், கொல்லம் பக்கம் ஒதுங்கலாம். அதைத் தாண்டி தென்மேற்கே இறங்கிவிட்டால் திறந்த கடல்தான்.

கூண்டு எண் என்ன சொல்கிறது?

1-ம் எண்: தூரத்தில் கடலில் காற்றழுத்தம் உருவாகி இருக்கிறது. துறைமுகத்துக்கு உடனடி ஆபத்து இல்லை.
2-ம் எண்: தூரத்தில் புயல் உருவாகிவிட்டது. துறைமுகத்தை விட்டு கிளம்பும் கப்பல்கள் அதில் மாட்டலாம்.
3, 4: துறைமுகத்துக்கே பலத்த காற்று எச்சரிக்கை.
5 முதல் 7 வரை: ஆபத்து.
8 முதல் 10 வரை: பெரும் ஆபத்து.
11: வானிலை மையத்துடன் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது.

இதோடு வானிலை மையத்தின் கடல் அறிக்கையும், ஐதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையத்தின் அலை உயர எச்சரிக்கையும் பார்க்கப்படுகிறது. தூத்துக்குடியில் கடல் ஏறி இறங்கும் அளவு ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனாலும் சரக்கோடு தாழ்ந்து நிற்கும் படகுக்கு, ஆழம் குறைந்த இடத்தில் ஒரு அடி தண்ணீர் கூடுவதே பெரிய விஷயம்.

ஆள் மாற்றுவதும் கணக்குதான்

தண்டலோடு சேர்த்து ஏழெட்டு பேர் இருந்தால், ராத்திரி பகலாக முறை வைத்து கண் விழிக்கணும். வெளிநாட்டுப் பயணம் என்பதால் போகிறவர்கள் பெயர் பட்டியலை அதிகாரிகளிடம் கொடுத்தால்தான் கிளம்ப அனுமதி. கடைசி நேரத்தில் ஒருவருக்கு காய்ச்சல் வந்தால் மாற்று ஆள் தேடி பட்டியலையும் மாற்றணும். அதற்குள் நல்ல வானிலை கைநழுவிப் போகலாம். மாற்று ஆளை முன்பே தயாராக வைப்பது இதனால்தான்.

ஆள் மாற்றவே முடியாத பயணமும் உண்டு. கடற்படை அதிகாரிகளான புதுச்சேரி ரூபாவும் கேரளாவின் தில்னாவும் 'தாரிணி' பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2-ந்தேதி கோவாவில் இருந்து கிளம்பி, உலகைச் சுற்றி 2025 மே 29-ந்தேதி திரும்பினார்கள். 25 ஆயிரம் கடல் மைலுக்கு மேல், இரண்டே பேர். தென் துருவப் பக்கத்துக் கடலை அங்கே கோடைகாலம் இருக்கும்போது கடக்கிற மாதிரி நாள் குறித்திருந்தார்கள்.

நாமக்கல் மாவட்டத்துக்கும் இதில் சம்பந்தம் இருக்கிறது. 2024-25-ம் ஆண்டுக்கு மாலத்தீவுக்கு சுமார் 42.75 கோடி முட்டை அனுப்ப மத்திய அரசு அனுமதித்தது. கடல் தாண்டி சரக்கு போகணும் என்றால், லாரி ஏற்றும் முன்பு துறைமுகத்தில் கூண்டு நிலவரம் கேட்டுக்கொள்வது நல்லது. தோணி கரையில் நிற்கிற நாளுக்கு வாடகை நஷ்டம்தான். ஆனால் அந்த நஷ்டத்தை அடுத்த நடையில் எடுத்துவிடலாம். போன உயிரை எடுக்க முடியாது.