நியாயாசனத்தில் வேதநாயகம் பிள்ளை

தமிழில் முதல் நாவலை இயற்றியவர் யாவர் என்று வினவின், நம் கல்லூரியின் முதலாண்டு மாணவரும் தயங்காது விடையளிப்பர். அவர் எத்தொழில் செய்து வாழ்ந்தார் என்று வினவினாலோ, ஆனர்ஸ் வகுப்பினராகிய நாமே சற்று விழிக்க நேரிடும். ‘முனிசீப்’ என்னும் சொல் அவர் பெயரோடு பட்டம்போல் ஒட்டிக்கொண்டு, பொருளிழந்து நிற்கின்றது. அப்பொருளை ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில், 1826ஆம் ஆண்டு கத்தோலிக்கக் குடும்பமொன்றில் தோன்றிய வேதநாயகம் பிள்ளை, இந்நாளைய நியாயாதிபதிகளைப் போலச் சட்டக் கல்லூரியிற் பயின்றவரல்லர். நியாயஸ்தலத்தின் கீழ்ப்படியினின்று மேலேறியவர். 1848இல் திருச்சிராப்பள்ளி நியாயஸ்தலத்தில் ரிக்கார்டு கீப்பர், 1850இல் மொழிபெயர்ப்பாளர், 1857இல் தரங்கம்பாடியில் டிஸ்டிரிக்டு முனிசீப். பின்னர்ச் சீகாழியிலும் மாயூரத்திலும் அப்பதவியையே வகித்தார்.

இவற்றுள் மொழிபெயர்ப்பாளர் உத்தியோகமே அவரை உருவாக்கியது என்பது எம் கருத்து. மேலே வீற்றிருக்கும் ஜட்ஜு ஆங்கிலேயர். கீழே கைகட்டி நிற்கும் வாதியும் பிரதிவாதியும் தமிழர். இடையே நிற்பவர் வாயினின்று ஒரு சொல் பிறழுமாயின், ஒருவன் நிலம் மற்றொருவன் கைக்கு மாறிவிடும். இந்த அச்சத்தை நாடோறும் கண்டவர், தாமே நியாயாசனம் ஏறியபின் அதனை மறந்தாரில்லை.

முனிசீப் என்பவர் குடிகளுக்கு மிக அணித்தான சிவில் நியாயாதிபதி. குடும்ப வழக்குகளுக்கெனத் தனி நியாயஸ்தலங்கள் அமைக்கும் சட்டம் 1984இலேதான் பிறந்தது. அந்நாளிற் கடன், குத்தகை, வரப்புச் சண்டை இவற்றோடு, அண்ணன் தம்பியர் பாகப்பிரிவினையும், சுவீகாரமும், விதவையின் ஜீவனாம்சமும் சிவில் நியாயஸ்தலத்தின் வாயிலிலேயே வந்து நின்றன. இந்துக்களின் தாயபாக வழக்கைத் தரும சாஸ்திரப்படியும், முகம்மதியர் வழக்கை அவர்தம் முறைப்படியும் தீர்த்தல் விதி. சாஸ்திரப் பொருளை எடுத்துரைக்க நியாயஸ்தலங்களிற் பண்டிதரும் காஜியாரும் நியமிக்கப்பட்டிருந்தனர். 1864இல் அப்பதவிகள் எடுபடவே, பொறுப்பு முழுதும் நியாயாதிபதியின் தலைமேலதாயிற்று. கிறிஸ்தவராகிய ஒருவர், பிறர் சாஸ்திரத்தை அவர்தம் நோக்கிலேயே நின்று உணர்ந்து அவர்க்கு நியாயம் வழங்கவேண்டிய நிலை அது. ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ பாடிய உள்ளம் ஓரளவு அந்நாற்காலியிலேயே பண்பட்டிருக்கும் என்று எண்ணுதல் மிகையாகாது.

இலஞ்சத்தைப் பற்றி அவர் கொண்ட வெறுப்பு, 1859இல் வெளிவந்த ‘நீதி நூ’லிற் காணக்கிடக்கின்றது. பதவியேற்று இரண்டே ஆண்டில், கைக்கூலி வாங்குவாரைக் கடிந்து தனியே ஓர் அதிகாரம் பாடிவிட்டார்! உடனிருந்த உத்தியோகஸ்தர் எங்ஙனம் முகஞ்சுளித்தனரோ, யாமறியோம்.

அவர்தம் நியாயப் பணியிற் சிகரமானது 1862இல் வெளிவந்த ‘சித்தாந்த சங்கிரகம்’. சென்னை சதர் கோர்ட்டார் 1805 முதல் 1861 வரை அளித்த தீர்ப்புகள் ஆங்கிலத்திற் கிடந்தன. கீழ் நியாயஸ்தலங்களை நடத்துவன அத்தீர்ப்புகளே. ஆயினும், அவற்றால் வாழ்வும் தாழ்வும் எய்திய குடிகளுள் மிகப்பலர் அவற்றைப் படித்தறிய வழியில்லை. வேதநாயகர் அவற்றைத் தொகுத்துத் தமிழாக்கினார். தேர்வுத்தாளில் இந்நூலின் பெயரை ஒரு வரியாக எழுதிக் கடந்துவிடுகின்றோம். சுவையற்ற சட்டப்பொருளைத் தமிழ் வசனத்திற் சொல்லிப் பழகிய கையே, பதினேழாண்டு கழித்து, 1879இல், ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை வெளியிட்டது என்பதை நாம் நினைப்பதில்லை.

அந்நாவலிலும் முனிசீப் மறைந்திருக்கவில்லை. நியாயாதிபதியும் தமிழர், வக்கீலும் தமிழர், கட்சிக்காரரும் தமிழராக இருக்க, வாதம் மட்டும் ஆங்கிலத்தில் நிகழும் விந்தையை அவர் அதில் எள்ளி நகையாடுகின்றார். தன் வீட்டைப் பற்றிய வழக்கில், தன் சார்பாகவே பேசப்படுவது இன்னதென்று அறியாது மருண்டு நிற்பவன் துயரம், மொழிபெயர்ப்பாளராய் நின்றவர்க்கன்றி வேறு யாருக்கு அத்துணை நன்கு விளங்கும்? தமிழ்நாட்டின் கீழ் நியாயஸ்தலங்களிற் சாட்சியமும் தீர்ப்பும் தமிழில் அமைதற்குரிய சட்டத்திருத்தம் 1976இல் வந்தது. நாவல் அச்சேறித் தொண்ணூற்றேழு ஆண்டுகள் கழிந்தபின்.