சிறைச் செங்கல்லில் எழுந்த நீதிமன்றம்

ஜோகன்னஸ்பர்க் நகரின் நடுவே ஒரு மேடு. 1893 முதல் 1983 வரை, தொண்ணூறு ஆண்டுகள் அங்கே சிறை இருந்தது. காந்தி 1908-ல் அங்கு அடைக்கப்பட்டார், மண்டேலா 1962-ல். இன்று அதே மேட்டில்தான் தென்னாப்பிரிக்காவின் அரசியல் சாசன நீதிமன்றம் இயங்குகிறது. விசாரணைக் கைதிகளை வைத்திருந்த கட்டடத்தை இடித்து, அந்தச் செங்கற்களையே எடுத்து நீதிமன்ற அறையின் சுவரைக் கட்டினார்கள். 2004 மார்ச் 21 அன்று கட்டடம் திறக்கப்பட்டது.

ஏன் போயும் போயும் சிறை இருந்த இடம்? அந்நாட்டின் கறுப்பின மக்களுக்குச் சட்டம் என்றால் அனுமதிச் சீட்டு, போலீஸ், சிறை. அந்தக் காலத்தில் இந்த மூன்றும்தான் நினைவுக்கு வரும். 1994-ல் நிறவெறி ஆட்சி முடிந்தபோது உயர்மட்ட நீதிபதிகள் ஏறக்குறைய அனைவரும் வெள்ளைக்கார ஆண்கள். அப்படிப்பட்ட நாட்டில் ‘இனி நீதிமன்றம் உங்களுடையது’ என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அதைக் கண்ணால் காணும்படி செய்ய வேண்டியிருந்தது.

ஆகவே, அந்த மண்ணில் காலங்காலமாக வழக்கு கேட்ட இடத்துக்கே போனார்கள்: மரத்தடிக்கு. ஊர் கூடி வழக்கு பேசும் அவையை ஸ்வானா மக்கள் கோட்லா என்பார்கள். ஜூலு மக்கள் இன்குண்ட்லா என்பார்கள். நீதிமன்றத்தின் சின்னமே ஒரு மரமும் அதன் நிழலில் கூடிய மக்களும்தான். முன்கூடத்துத் தூண்கள் மரங்களைப் போலச் சாய்ந்து நிற்கின்றன. நீதிபதிகளின் மேசையில் நுகுனி மாட்டுத் தோல் போர்த்தியிருக்கிறது. ஒரு தோலின் புள்ளி இன்னொன்றில் இல்லை. அறையின் சுவரில் நீளவாக்கில் ஒரு கண்ணாடிச் சன்னல் உண்டு. வெளியே நடப்பவர்களின் கால்கள் மட்டும் அதில் தெரியும். உள்ளே இருப்பவர்கள் மக்களுக்கு மேலே இல்லை என்பதைத் தினமும் நினைவூட்டத்தான் அந்தச் சன்னல்.

இதெல்லாம் கட்டடம் பேசும் பேச்சு. தீர்ப்புகள் என்ன பேசின?

இந்தக் கட்டடம் எழும் முன்பே இயங்கத் தொடங்கிய நீதிமன்றம் முதலில் கேட்ட வழக்கே மரண தண்டனை பற்றியது. 1995 ஜூன் 6 அன்று பதினொரு நீதிபதிகளும் ஒருமனதாக அந்தத் தண்டனையை ரத்து செய்தார்கள். அவர்களில் சிலர் காரணம் சொல்லும்போது எடுத்தாண்ட சொல் உபுண்ட்டு. மனிதர் மற்ற மனிதரால்தான் மனிதராகிறார் என்பது ஜூலு முதுமொழி. அந்த எண்ணத்துக்குத்தான் உபுண்ட்டு என்று பெயர். குற்றம் பெருகியிருந்த காலம் அது. மக்களில் பெரும்பாலோர் தூக்குத் தண்டனை வேண்டும் என்றே நினைக்கக்கூடும் என்பதைத் நீதிமன்றத் தலைவராக இருந்த ஆர்தர் சாஸ்கல்சன் மறைக்கவில்லை. ஆனால் எண்ணிக்கையைப் பார்த்து உரிமையை அளப்பதானால் நீதிமன்றம் எதற்கு என்பதே அவர் சொன்னதன் சாரம். நம்பிக்கையைப் பெறுவதும் கைதட்டல் வாங்குவதும் ஒன்றல்ல.

இதைவிடக் கடினமானது மரபுச் சட்டம். திருமணம், வாரிசுரிமை, ஊர்த் தலைமை போன்றவற்றில் ஆப்பிரிக்க மக்களின் வழக்காறுதான் அது. பொருந்தும் இடங்களில் நீதிமன்றங்கள் அதைக் கட்டாயம் கைக்கொள்ள வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 211-வது பிரிவு. ஆனால் அது சாசனத்துக்கு உட்பட்டே இருக்க வேண்டும். இங்கேதான் சிக்கல். எது உண்மையான மரபு? 1927-ல் வந்த ஒரு சட்டம் வெள்ளைக்கார அரசு ஊர்த் தலைவர்களை நியமிக்கவும் நீக்கவும் வழி செய்தது. மக்களிடையே வளைந்தும் நெளிந்தும் வாழ்ந்த வழக்கங்கள் அதிகாரிகளின் ஏட்டில் ஏறி அப்படியே உறைந்துபோயின. ஏட்டில் கிடப்பதும் மரபு எனப்பட்டது. ஊரில் நடப்பதும் மரபு எனப்பட்டது. இரண்டும் ஒன்றல்ல.

கேப்டவுனை ஒட்டிய கயலிட்ஷாவில் ஒரு தச்சர் 2002-ல் உயில் எழுதாமல் இறந்தார். வீட்டில் அவருடைய துணைவியும் இரண்டு சிறு பெண் குழந்தைகளும். ஏட்டு மரபுப்படி வாரிசு ஆண்தான். எனவே இறந்தவரின் தகப்பனாருக்கு உரிமை போயிற்று. ஈமச் செலவுக்காக அந்த வீட்டு மனையை அவர் விற்கவிருந்தார். 2004 அக்டோபரில் அந்த விதியை அரசியல் சாசன நீதிமன்றம் செல்லாததாக்கியது. தீர்ப்பை எழுதிய பியஸ் லாங்கா மரபை இகழவில்லை. பழைய வாழ்க்கையில் சொத்தை எடுத்துக்கொள்பவன் குடும்பம் முழுவதையும் காக்கும் கடனையும் சேர்த்து ஏற்றான். நகர வாழ்க்கையில் கடன் கழன்றுவிட்டது, சொத்து மட்டும் கைமாறியது. பொறுப்போடு பிறந்த விதி, பொறுப்பை இழந்தபின் வெறும் பறிப்பாயிற்று.

நீதிபதி ந்கோபோ மட்டும் மாறுபட்டார். விதியை வெட்டி எறிய வேண்டாம், மூத்த மகளும் வாரிசாகும்படி வளர்த்தெடுக்கலாம் என்றார். மரபின் மீது அக்கறை உள்ள யாருக்கும் அந்த வாதம் மனத்தைத் தொடும். ஆனாலும் வீடு கைவிட்டுப் போகவிருந்த இரண்டு குழந்தைகளை வைத்துப் பார்த்தால், பெரும்பான்மைத் தீர்ப்பே சரி என்பது என் முடிவு.

மரபை வளர்க்கும் வேலை நீதிபதிகளுக்கு மட்டும் உரியதும் அல்ல. லிம்போபோ மாகாணத்தில் வலோயி மக்களின் தலைவர் 1968-ல் ஆண் வாரிசின்றி இறந்ததால், தலைமை அவருடைய தம்பிக்குப் போனது. 1996-ல் அரச குடும்பமே கூடி, காலம் மாறிவிட்டது, மறைந்த தலைவரின் மகளுக்கே தலைமை உரியது என்று முடிவெடுத்தது. தம்பியின் மகன் வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றங்களில் வென்றார். 2008-ல் அரசியல் சாசன நீதிமன்றம் அதை மாற்றியது. ஒரு மக்கள்கூட்டம் தன் வழக்கத்தைத் தானே புதுப்பித்துக்கொள்ளலாம், அதுவும் மரபுதான் என்றது. அந்த மகள் தலைவரானார்.

எல்லாம் தீர்ந்துவிட்டதாக எண்ண வேண்டாம். வழக்கறிஞர் செலவும் தூரமும் மொழியும் கிராமத்து ஏழையை இந்த மேட்டிலிருந்து இன்னும் தள்ளியே வைத்திருக்கின்றன. மரபு நீதிமன்றங்களுக்கென 2008-ல் கொண்டுவந்த மசோதா பெண்களின் எதிர்ப்பால் பல ஆண்டு இழுபட்டது. ஊர்த் தலைவரின் தீர்ப்பு வேண்டாம், அரசு நீதிமன்றத்துக்கே போகிறேன் என்று ஒரு பெண் சொல்ல முடியுமா என்பதுதான் அவர்கள் விடாமல் கேட்ட கேள்வி.

நமக்கு நெருக்கமான ஒரு வழக்கையும் சொல்ல வேண்டும். டர்பனில் தமிழ் மரபில் வந்த ஒரு மாணவி மூக்குத்தி அணிந்து பள்ளிக்குப் போனாள். நகைக்கு இடமில்லை என்றது பள்ளி. மூக்குத்தி இந்து மதத்தில் கட்டாயமா என்ற கேள்வி எழுந்தது. கட்டாயம் இல்லைதான், பாட்டியும் அம்மாவும் வழிவழியாகப் போட்டுவந்தது, அவ்வளவே. அதே பியஸ் லாங்கா 2007 அக்டோபரில் தீர்ப்பெழுதினார். கட்டாயமில்லாமல் மனமுவந்து பின்பற்றும் வழக்கத்துக்கும் சாசனத்தின் காவல் உண்டு என்றார். மனிதர் தனித் தீவல்ல என்று சொல்ல, அந்த ஜூலு முதுமொழியையே எடுத்துக்காட்டினார். விதிகளைத் திருத்தும்படி பள்ளிக்கு உத்தரவு போனது. மாணவி அதற்குள் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டிருந்தாள். பின்னால் வரும் பெண்களுக்காகத் தீர்ப்பு சொல்லியே ஆகவேண்டும் என்று நீதிமன்றம் வழக்கை நடத்தி முடித்தது.